பேய்ப்படம், பாம்புப் படம், குதிரைப் படம்: எங்கள் மாடிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு, மதுரை செல்லூரில் ஒரு நண்பரின் தறிக்கூடத்துக்கு மேலே உள்ள மாடியில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுகிறோம். பெரிய நடிகர் இல்லாத, பெரிய பணம் இல்லாத, பத்திரிகைகள் ஒரு பத்தி விமர்சனம்கூட எழுதாமல் கடந்துபோன படங்கள்தான் எங்கள் தேர்வு. எக்ஸ்ப்ளாய்டேஷன் படம் என்று சொல்லப்படுகிறவைதான் அவற்றில் அதிகம். முப்பது பேர் வந்தால் மாடி நிறைந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டிலேயே கேள்வியைத் தொடங்கிவிடுகிறார்கள். அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

எக்ஸ்ப்ளாய்டேஷன் படம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

போஸ்டரில் ஒரே ஒரு சமாச்சாரத்தைக் காட்டி, "உள்ளே வந்தால் இதைப் பார்க்கலாம்" என்று வாக்குக் கொடுத்து டிக்கெட் விற்கும் படம். நட்சத்திரத்தை நம்பியும் இல்லை, கதையை நம்பியும் இல்லை. பேய், பாம்பு, கராத்தே, கவர்ச்சி, ஊரே பேசிக்கொண்டிருக்கும் ஒரு கொலை என்று ஏதோ ஒன்று போதும். அகராதியில் அந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சுரண்டல் என்று போட்டிருக்கும். அமெரிக்கச் சினிமா வியாபாரத்தில் அதற்கு முதலில் விளம்பரம், விற்கும் உத்தி என்றுதான் பொருள். சுரண்டல் என்ற பொருளும் பல படங்களுக்குச் சரியாகவே பொருந்தும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அந்த உத்தி எப்படி இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம். 1945-ல் க்ரோகர் பாப் என்பவர் 'மாம் அண்ட் டாட்' என்று ஒரு படத்தை எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார். கல்யாணத்துக்கு முன் கர்ப்பமாகும் ஒரு பெண்ணின் கதை. நடுவில் பிரசவக் காட்சி. ஆண்களுக்குத் தனிக் காட்சி, பெண்களுக்குத் தனிக் காட்சி. தியேட்டரில் வெள்ளை உடுப்பில் நர்சுகள் நிற்பார்கள். இடைவேளையில் ஒருவர் மேடையேறிச் சுகாதாரப் பிரசங்கம் செய்து புத்தகம் விற்பார். பாடம் நடத்துவதாகச் சொன்னதால்தான் அந்தக் காலக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே அந்தக் காட்சியைக் காட்ட முடிந்தது. பத்தாண்டு கழித்து அமெரிக்கன் இண்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் இதையே தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தது. முதலில் தலைப்பு, அடுத்து போஸ்டர், இரண்டையும் பார்த்துத் தியேட்டர்காரர்கள் சரி என்றால்தான் கதையே எழுதுவார்கள்.

நம்மிடம் இதற்கு ஒரே பெயராக எதுவும் இல்லை. அதில் எனக்குக் குறை தெரியவில்லை. பேய்ப்படம், மாயாஜாலப் படம், சாமி படம், கராத்தே படம், குதிரைப் படம், பிட்டுப் படம் என்று விற்ற சரக்கின் பெயரையே படத்துக்கும் வைத்தார்கள் நம் மக்கள். வியாபாரத்தின் உள்ளே இருந்து வைத்த பெயர்கள் அவை.

பி கிரேடு, கல்ட் என்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டிய காலத்தில், அமெரிக்காவில் இரண்டாவதாகப் போட்ட சின்னப் படத்தைத்தான் 'பி' படம் என்றார்கள். அது செலவைக் குறிக்கும் சொல். எக்ஸ்ப்ளாய்டேஷன் என்பது விற்ற விதத்தைக் குறிக்கும். கல்ட் என்பதோ படம் எடுத்தவர் கையிலேயே இல்லை. வெளியாகிப் பத்து வருடமோ முப்பது வருடமோ கழித்து ஒரு கூட்டம் அந்தப் படத்தைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டு, வசனத்தை மனப்பாடமாகச் சொல்லி, அடுத்தவரையும் இழுத்து வந்து உட்காரவைத்தால்தான் அது கல்ட்.

'ரீஃபர் மேட்னஸ்' 1936-ல் கஞ்சாவுக்கு எதிராகப் பிள்ளைகளை எச்சரிக்க எடுத்த படம். 1970-களில் கஞ்சாத் தடையை நீக்கச் சொன்னவர்களே அதைத் தேடி எடுத்துக் கல்லூரிகளில் போட்டார்கள். 1975-ல் வந்து வசூல் இல்லாமல் போன 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' அடுத்த ஆண்டு நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாக ஓடத் தொடங்கி, வேஷம் போட்டு வந்து திரையோடு சேர்ந்து பேசும் கூட்டத்தை உண்டாக்கியது. இந்தியில் 1998-ல் வந்த 'குண்டா' படத்துக்கு இணையம்தான் இரண்டாவது உயிர் கொடுத்தது.

தமிழில் எதிலிருந்து தொடங்கலாம்?

விட்டலாச்சார்யாவிலிருந்து. தயங்காமல் சொல்வேன்.

பி. விட்டலாச்சார்யா கர்நாடகத்தில் உடுப்பிப் பக்கம் பிறந்தவர், தெலுங்கில் படமெடுத்தவர். ஆந்திரத்தில் ஜானபத பிரம்மா, அதாவது நாட்டுப்புறக் கதைகளின் பிரம்மா, என்று பட்டமே கொடுத்தார்கள். தமிழில் டப்பிங்காக வந்து அவர் பெயர் ஒரு வகைப் படத்துக்கே பெயராகிவிட்டது. எங்கள் பக்கம் இன்றும் யாராவது நம்ப முடியாத கதை சொன்னால் "விட்டலாச்சார்யா படம் மாதிரில்ல இருக்கு" என்பார்கள். 1978-ல் வந்த 'ஜெகன்மோகினி'யை முதலில் பாருங்கள். விறகு இல்லாத அடுப்பில் பேய் தன் கால்களையே நீட்டி, அவை எரிய எரியச் சோறு பொங்கும். அந்தக் காட்சியைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் ஐம்பது வயதிலும் அடுப்படியைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இப்படிப்பட்ட படங்கள் நம்பியது நாலைந்து பழைய வித்தைகளைத்தான். கேமராவை நிறுத்தி, ஆளை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் ஆள் மாயமாவார். ஒரே பிலிமை இரண்டு முறை ஓட்டிப் படம் பிடித்தால் ஆவி சுவரைக் கடக்கும். லென்ஸில் பாதியை அட்டையால் மறைத்து எடுத்தால் ஒரே நடிகை தன்னோடு தானே பேசுவார். பிலிமைத் தலைகீழாக ஓட்டினால் உடைந்த பானை ஒட்டிக்கொள்ளும். இந்த வித்தைகள் சினிமா பிறந்த காலத்திலிருந்தே உண்டு. ஒரு வீட்டுக்குள், ஒரு மருமகளின் துயரத்துக்குள் அவற்றைக் கொண்டுவந்து வைத்ததுதான் அவர் திறமை.

அடுத்து கர்ணன். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) என்று வரிசையாகக் குதிரையும் துப்பாக்கியும் தொப்பியுமாகப் படம் எடுத்தார். இத்தாலிக்காரர்கள் ஸ்பெயின் நாட்டுப் பொட்டலில் எடுத்த கௌபாய் படங்கள் உலகமெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் குதிரையைத் தெற்குச் சீமைக்கு ஓட்டி வந்து, குடுகுடுப்பைக்காரர் வாயில் தினமும் வரும் தெய்வத்தின் பெயரையே தலைப்பாகவும் வைத்தார். குதிரைத் துரத்தலில் கேமராவும் கூடவே ஓடும். கதையில் ஓட்டை இருக்கும், அந்த ஓட்டத்தில் இருக்காது.

மூன்றாவது நம்ம பக்கத்துக்காரர். காரைக்குடி இராம. நாராயணன், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைப் பல மொழிகளில் இயக்கியவர். 1989-ல் காரைக்குடி சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். 'ஆடி வெள்ளி' (1990) மாதிரிப் படங்களில் யானை, பாம்பு, அம்மன் மூன்றும் சேர்ந்து நியாயம் வழங்கும். சம்பளம் கேட்காத நட்சத்திரங்கள் என்று மிருகங்களைச் சொல்வார்கள். ஆனால் யானையை வைத்து நாளைக்கு நாலு ஷாட் எடுப்பது எத்தனை பொறுமை கேட்கும் வேலை என்று எடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

பேய்ப்படம் வேண்டும் என்றால் ஜி.எம். குமார் இயக்கி மோகன் நடித்த 'உருவம்' (1991). வெளியானபோது கவனிக்காமல் விட்ட படம். இன்று தமிழ்த் திகில் ரசிகர்கள் இருவர் சந்தித்தால் மூன்றாவது வாக்கியத்தில் இந்தப் பெயர் வந்துவிடும்.

மதுரை வட்டாரத்தில் இவை எங்கே, எப்படி ஓடின?

இந்தக் கேள்விக்கு எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். என் தாய்மாமா சோழவந்தான் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர்.

தமிழ்நாட்டைச் சினிமா வியாபாரிகள் ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நமது மதுரை–ராமநாதபுரம் ஏரியா, சுருக்கமாக எம்.ஆர். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாம் இதற்குள் அடக்கம். பெரிய நடிகர் படம் மதுரை டவுனில் பெரிய தியேட்டரில் இறங்கும். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கிய இடம். அங்கே இந்தச் சின்னப் படங்களுக்கு இடமில்லை. இவற்றின் உண்மையான வாழ்க்கை மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் போன்ற ஊர்களின் பழைய தியேட்டர்களிலும் கிராமத்துக் கொட்டகைகளிலும்தான் நடந்தது. பெரிய படத்துக்குக் கொட்டகைக்காரர் குறைந்தபட்ச உத்தரவாதம் என்று ஒரு தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். பழைய மாயாஜாலப் படத்துக்கு மூன்று நாள் வாடகை கொடுத்தால் போதும். நெல் அறுப்பு முடிந்து கையில் காசு இருக்கும் வாரத்தில் அந்த மூன்று நாள் ஆறு நாளாகும்.

மாமாவின் கொட்டகையில் புரொஜெக்டர் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்தால் அடுத்ததை மாட்டும்வரை விளக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் ஒரு படத்துக்குப் பல இடைவேளை. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம் ஓடும். இரண்டாயிரம் அடியாக ஒட்டி வைத்தால் இருபத்திரண்டு. வெளிச்சம் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் நெருப்பிலிருந்து வரும். குச்சி எரிந்து தேயத் தேய இரண்டையும் நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆபரேட்டர் ஒரு நிமிடம் அசந்தால் திரை மஞ்சளாகிவிடும், மணல் தரையிலிருந்து சத்தம் கிளம்பும். பிலிம் அறுந்தால் இரண்டு முனையையும் பிளேடால் சுரண்டி, சிமெண்ட் என்று அவர்கள் சொல்லும் பசையைத் தடவி, கட்டை விரலால் அழுத்திப் பிடிப்பார். பத்து எண்ணுவார். மாமாவின் வலது கட்டை விரலில் ரேகையே தெரியாது.

படம் தொடங்குவதற்கு முன் கூம்பு ஸ்பீக்கரில் விநாயகர் பாட்டு. அந்தப் பாட்டு கேட்டால்தான் வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் கிளம்புவார்கள். ஒருமுறை மாமாவிடம், "பேய்ப்படத்துக்கு ஏன் மாமா பொம்பளைங்க கூட்டம் இவ்வளவு?" என்று கேட்டேன். கார்பனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேயப் பாக்கவா வர்றாக மருமகனே? ஆம்பளைக பயந்து ஓடுறதப் பாக்க வர்றாக. வீட்ல அதக் காண முடியாதுல்ல." அதன் பிறகு எந்தப் பேய்ப்படத்தையும் அந்தப் பதில் இல்லாமல் நான் பார்த்ததில்லை.

டவுனில் வேறு ஒரு கதை நடந்தது. ரயில் நிலையம் அருகே விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இருந்த ரீகல் தியேட்டர், மதுரையில் ஆங்கிலப் படத்தின் வீடு. புரூஸ் லீ 1973-ல் இறந்த பிறகு, ஹாங்காங்கில் புரூஸ் லி, புரூஸ் லே என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு ஒரு டஜன் பேர் நடித்த போலிப் படங்கள் உலகம் முழுக்க ஓடின. போஸ்டரில் பெயரைப் பார்த்து ஏமாந்தோம் என்று பெரியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் மறுவாரமே கராத்தே வகுப்பில் சேர்ந்ததையும் அவர்களே சொல்கிறார்கள்.

'பிட்டு' என்கிறார்களே, அது என்ன?

தணிக்கைச் சான்று பெற்ற படத்தின் நடுவே, சான்று பெறாத ஆபாசத் துண்டுப் பிலிமை ஒட்டி ஓட்டுவது. படத்துக்கும் அந்தத் துண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. முகங்கள் வேறு, கலர் வேறு, சில நேரம் நாடே வேறு. 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி சான்று பெற்ற பிறகு படத்தில் எதையும் சேர்த்துக் காட்டுவது குற்றம். இதனால் பாதிக்கப்பட்டவர்களில் படத்தை எடுத்தவர்களும் உண்டு. நாணயமாக ஒரு திகில் படம் எடுத்த இயக்குநரின் பெயர், அவர் எடுக்காத காட்சியோடு சேர்ந்து ஊரில் கெட்டுப்போகும். அதில் நடித்த பெண்ணின் பெயர் அதைவிட மோசமாக. நாங்கள் பிட்டு ஒட்டிய பிரிண்டுகளைத் திரையிடுவதில்லை. வேடிக்கைக்குக்கூட இல்லை.

இவை பெண்களைச் சுரண்டிய படங்கள்தானே? அவற்றை ஏன் கொண்டாட வேண்டும்?

ஆம், பல படங்கள் அப்படித்தான். இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தச் சினிமாவை நேசிப்பதாகச் சொல்கிறவரோடு எனக்கு ஒட்டாது.

சில்க் ஸ்மிதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-ல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் சாராயக்கடைப் பெண்ணாக வந்து, அந்தப் பாத்திரத்தின் பெயரையே வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர். விற்காமல் பெட்டிக்குள் கிடந்த படங்களுக்கு அவர் ஆடிய ஒரு பாட்டை எடுத்துச் சேர்த்தால் விநியோகஸ்தர் பணம் கட்டுவார். ஒரு பாட்டு ஒரு படத்தைக் கரையேற்றிய அந்தக் காலத்தில், அவரைச் சுற்றி எத்தனை குடும்பங்கள் பிழைத்தன. 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் அவர் இறந்தபோது வயது முப்பத்தைந்து. அவர் நடிப்பைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அன்று குறைவு. கண்ணை மட்டும் வைத்து ஒரு குளோஸப்பில் அவர் என்ன செய்கிறார் என்று, உடம்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். அலட்சியம், ஏளனம், சோர்வு மூன்றும் மாறி மாறி வரும்.

நடிகை ஷகீலாவின் கதை வேறு திசையில் போனது. 2000-ல் 'கின்னாரத் தும்பிகள்' ஓடிய பிறகு மலையாள சினிமாவே அவரை நம்பிச் சில வருடம் நின்றது. நம் ஊர்களில் காலைக் காட்சி என்றாலே அவர் படம் என்று ஆனது. கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு போய்ப் பார்த்த அதே ஊரில், இருபது வருடம் கழித்து டிவி சமையல் நிகழ்ச்சியில் அவர் வந்தபோது குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்து அம்மா என்று கூப்பிட்டார்கள். மரியாதை இருபது வருடம் பிந்தி வந்தது. வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

எங்கள் திரையிடலில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். படம் முடிந்ததும் அதில் நடித்த பெண்களின் பெயர்களைத் தெரிந்தவரை வாய்விட்டுச் சொல்வோம். குழு நடனத்தில் பின்வரிசையில் நின்றவர்களின் பெயர் டைட்டிலில் இருக்காது. அந்த இடத்தில் கொஞ்சம் மௌனமாக இருப்போம். வல்லுறவைக் கவர்ச்சியாகக் காட்டும் படங்களைப் போடுவதில்லை. எழுபதுகள், எண்பதுகளின் படங்களில் அது அத்தனை சாதாரணமாக வரும் என்பதால் எங்கள் பட்டியலில் பாதி இப்படியே கழிந்துவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெண்களே கூட்டமாக வந்து ஓடவைத்த வகை அம்மன் படம். 1995-ல் தெலுங்கில் வந்த படம் தமிழில் 'அம்மன்' என்று ஓடியபோது தியேட்டர் வாசலில் வேப்பிலைத் தோரணம், அம்மன் சிலை, உண்டியல். உள்ளே உக்கிரக் காட்சியில் சாமி வந்து ஆடியவர்களை மற்ற பெண்கள் பிடித்துத் தண்ணீர் தெளிப்பார்கள். விளம்பர உத்தி என்று அதைச் சொல்லலாம். ஆடியவருக்கு அது உத்தி இல்லை.

மதுரையை அரிவாள் ஊராகக் காட்டும் படங்களும் இதே வகையா?

அதில் ஒரு பகுதி, ஆமாம். பாம்புப் படத்தில் பாம்பு விற்ற மாதிரி, இங்கே ஊரின் பெயரே சரக்காக விற்றது. இரண்டாயிரங்களில் சுமோ வண்டிகள், அரிவாள், திருவிழாக் கூட்டத்தில் ஒரு கொலை என்று வைத்துவிட்டால் மதுரைப் படம் ஆகிவிட்டது. இந்த ஊரில் பூக்கட்டுகிறவர்களும் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர்களும் தறி நெய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று அந்தப் படங்களைப் பார்த்து யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. வெளியூரில் வீடு வாடகைக்குக் கேட்டபோது "மதுரையா?" என்று இழுத்த குரலை நானே கேட்டிருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் 2008-ல் 'சுப்ரமணியபுரம்' வந்தபோது அதே அரிவாளை வைத்துத்தான் வேறொரு படம் செய்தார் சசிகுமார். பெரிய நடிகர் இல்லை. 1980-ன் தெரு, சட்டைக் காலர், தாடி, தியேட்டர் கூட்டம் எல்லாம் அந்த ஊர்க்காரர் கண்ணில் பட்டபடி இருந்தன. இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் 2012-ல் வெளிவந்த தன் 'கேங்ஸ் ஆஃப் வாசிப்பூர்' படத்தில் பாலா, அமீர், சசிகுமார் என்ற மதுரை மூவருக்குத் தொடக்கத்திலேயே நன்றி சொன்னார். அரிவாள் கதையில் எதற்காக வருகிறது, விற்கவா, பேசவா என்பதைப் பார்த்துத்தான் நான் பிரிக்கிறேன்.

இந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்கத்தானே கூடுகிறீர்கள்?

சிரிப்பு வரும். நூல் தெரியும் பாம்பைப் பார்த்தால் எனக்கும் வரும். அந்தச் சிரிப்பைத் தடுக்க மாட்டோம். எடுத்தவரை மட்டம் தட்டும் சிரிப்பு வேறு. அதற்கு இங்கே இடம் கொடுப்பதில்லை.

இதற்குக் காரணம் ஒருவர். இரண்டு வருடம் முன்பு ஒரு குதிரைப் படம் போட்டோம். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கமெண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் முடிந்ததும் எழுந்து, "தம்பி, இந்தப் படத்துக்கு இந்த ஊர்ல போஸ்டர் ஒட்டுனது நாந்தான்" என்றார். சிவகாசியில் அச்சாகி வரும் போஸ்டர் ஒன்றே நாலு தாளாக வரும். ராத்திரி இரண்டாவது ஆட்டம் விட்ட பிறகு சைக்கிளில் பசை வாளியோடு கிளம்பினால் விடியும்போது முடியும். மைதா மாவில் துத்தம் கலந்து காய்ச்சிய பசை. துத்தம் இல்லாவிட்டால் பூச்சியும் மாடும் தின்றுவிடும். நாலு தாளையும் ஒட்டும்போது குதிரையின் கழுத்து கோடு பிசகாமல் சேர வேண்டும். "குதிர கழுத்து ஒடிஞ்சிருந்தா மொதலாளி கூலியப் பிடிச்சுருவாரு" என்று தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டினார். அந்த நாலு பிள்ளைகளும் அன்று இரவு பரோட்டாக் கடையில் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மணி இரண்டு ஆகும்வரை விடவில்லை. இன்று எங்கள் போஸ்டர் சேகரிப்பைப் பார்த்துக்கொள்வது அவர்களில் ஒரு பெண்தான்.

கையில் காசில்லை, படம் எடுக்க ஆசை. இவற்றிலிருந்து என்ன கற்கலாம்?

நிறைய. ஜார்ஜ் ரோமெரோ 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) எடுத்தபோது செலவு சுமார் 1,14,000 டாலர். ஒரு பாழடைந்த வீடு, கறுப்பு வெள்ளை பிலிம், ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அது ரத்தமாகத்தான் தெரியும். சாம் ரெய்மியின் குழுவினர் 'ஈவில் டெட்' (1981) படத்துக்குக் கேமராவை ஒரு பலகையில் கட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் காட்டுக்குள் ஓடினார்கள்; அதுதான் பேயின் பார்வை. ராபர்ட் ரோட்ரிக்ஸ் மருந்து பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் சேர்த்த பணத்தையும் போட்டு 7,000 டாலரில் 'எல் மரியாச்சி' (1992) எடுத்தார். கேமராவை நகர்த்தும் டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி. ரோஜர் கார்மன் 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960) படத்தின் முக்கியமான பகுதியை வேறு படத்துக்குப் போட்ட செட்டில் இரண்டே நாளில் முடித்தார். கொப்போலா, ஸ்கார்செஸி, ஜேம்ஸ் கேமரூன் எல்லாம் அவரிடம் வேலை பார்த்துக் கிளம்பியவர்கள். கார்மன் 2024-ல் தன் 98 வயதில் இறந்தார்.

இவர்களையெல்லாம் விட எனக்கு நெருக்கமானவர் மகாராஷ்டிரத்தின் மாலேகாவ்ன்காரர் ஷேக் நாசிர். விசைத்தறி ஊர். வீடியோ பார்லர் நடத்திக்கொண்டிருந்தவர், தறிக்காரர்களை நடிகர்களாக வைத்து 'மாலேகாவ்ன் கே ஷோலே' எடுத்தார். அவர்கள் சூப்பர்மேன் படம் எடுத்த கதையை ஃபைசா அகமது கான் ஆவணப்படமாக்கியிருக்கிறார். அதை நாங்கள் இந்த மாடியில் போட்டபோது கீழே தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தறிக்காரர் ஒருவர் வேலையை விட்டு மேலே வந்து, கடைசிவரை நின்றபடியே பார்த்தார்.

நீங்கள் எடுக்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வேலை செய்த எல்லோர் பெயரையும் டைட்டிலில் போடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

'யு' சான்று உள்ள படம் என்றால் தாராளமாக. 'ஏ' சான்று உள்ள படத்துக்கு 18 வயது ஆகாதவர்களைப் படியேற்ற மாட்டோம், பெற்றோர் கூட இருந்தாலும். 2023 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு யு/ஏ சான்றை 7, 13, 16 வயது என்று பிரித்துவிட்டார்கள். புதிய படம் என்றால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரிலும் இப்படித் திரையிடலாமா? அனுமதி வேண்டுமா?

வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அதற்குள் உள்ள படத்தைப் பொதுவில் காட்ட உரிமையாளரிடம் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள், "அந்தப் படத்தையா?" என்று அவர்கள் குரலில் வரும் சந்தோஷத்துக்காகவே கேட்கலாம். பழைய படங்களில் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. தயாரிப்பாளர், லேப், டிவி என்று மூன்று கை மாறியிருக்கும்.

வீட்டில் பழைய படச்சுருள் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில், தூக்கிப் போடாதீர்கள். ஓட்டியும் பார்க்காதீர்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. பிலிமிலிருந்தே அசிடிக் அமிலம் வெளியேறுகிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல சுருளையும் அது கெடுக்கும். அதைத் தனியே எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், காற்று போக வேண்டும். மதுரை வெயிலுக்கு மொட்டை மாடி அறை வேண்டவே வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத மூலை எதுவோ அது. கலர் பிரிண்ட் முழுக்க ரோஜா நிறமாக மாறியிருந்தால் பயப்படாதீர்கள், அந்தக் கால ஈஸ்ட்மென் கலர் அப்படித்தான் வெளிறும். படம் 1950-களின் தொடக்கத்துக்கு முந்தியது என்றால் அது எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். அடுப்படி, பூஜை அறைப் பக்கமே வைக்காமல் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். புனேயில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. பெரிய படங்களுக்கு எப்படியும் எங்கோ ஒரு பிரதி இருக்கும். மூன்று நாள் வாடகைக்கு ஓடிய படத்துக்கு உங்கள் பரணில் கிடப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்களை வெள்ளி எடுக்க உருக்கியே எத்தனையோ போய்விட்டன.

என் மாமா போன பிறகு அவர் டிரங்குப் பெட்டியில் அறுந்த துண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. சின்ன வயதில் ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, வெளியே ஒரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, சுவரில் படம் காட்டி விளையாட எனக்குத் தந்ததெல்லாம் அதிலிருந்துதான். பெரும்பாலானவற்றை அடையாளம் கண்டுவிட்டோம். ஒரு துண்டு மட்டும் தெரியவில்லை. நாற்பத்தொரு பிரேம், கலர் வெளிறிப் பாதி ரோஜா நிறம். வலது ஓரத்தில் வெள்ளைச் சேலைப் பெண், கையில் அணைந்த அரிக்கேன் விளக்கு. பின்னால் பனங்காடு. பதினேழாவது பிரேமிலிருந்து இடது பக்கம் ஒரு குதிரையின் முன்னங்கால் நுழைகிறது. கடைசி மூன்று பிரேமில் அவள் திரும்பிப் பார்க்கிறாள், பயம் இல்லாமல். எந்தப் படம் என்று தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரும்போது சொல்லுங்கள். டப்பா மூடியில் எழுதி ஒட்டக் காகிதம் வெட்டி வைத்திருக்கிறேன்.